நின்றுபோன இயந்திரத்தின் முன்னால்: ஸ்மார்ட் தொழிற்சாலையில் பராமரிப்பும் மனிதப் பிழையும்

கேள்வி

2010 அக்டோபர் 31 அன்று, ஸ்ரீபெரும்புதூரில் அப்போது இயங்கிவந்த நோக்கியா கைபேசித் தொழிற்சாலையில் 23 வயதுப் பெண் தொழிலாளி ஒருவர் தானியங்கி லோடர் இயந்திரத்தில் கழுத்து சிக்கிப் படுகாயமடைந்து இறந்தார். லோடரில் ஏற்பட்ட தடங்கலை நீக்க முயன்றபோது இது நடந்தது. உற்பத்தி ஓடிக்கொண்டிருந்த நேரமல்ல அது. ஓட்டம் நின்று, அதை மறுபடி ஓடவைக்க ஒருவர் கை நீட்டிய நேரம். ‘லைன் நின்றுவிட்டது’ என்று தொழிற்கூடங்களில் சொல்லும் அந்த இடைவேளையே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

2011ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹனோவர் கண்காட்சியில் ‘இண்டஸ்ட்ரி 4.0’ என்ற பெயர் முன்வைக்கப்பட்டது. அதன்பின், சென்சார்களும் ரோபோக்களும் வலைப்பின்னலும் இணைந்த தொழிற்சாலை, பாதுகாப்பு விஷயத்தில் இரண்டு வாக்குறுதிகளைத் தந்துவருகிறது. ஆபத்தான வேலையிலிருந்து மனிதக் கையை விலக்கிவிடும் என்பது ஒன்று. பழுது வருமுன்னரே எச்சரித்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஸ்பாட் வெல்டிங்கையும் பெயிண்ட் அடிப்பதையும் பெரிய பிரஸ்களில் தகடு ஏற்றி இறக்குவதையும் ரோபோ எடுத்துக்கொண்டதால் தப்பிய விரல்களையும் நுரையீரல்களையும் மறுக்க முடியாது. ஆனால் இந்த வாக்குறுதிகளோடு, யாரும் வாய்விட்டுச் சொல்லாத மூன்றாவது முடிவு ஒன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது: இயந்திரம் இத்தனை பாதுகாப்பாக இருக்கும்போது விபத்து நடந்தால், அது தொழிலாளி செய்த பிழையாகத்தான் இருக்கும்.

இந்த மூன்றாவது முடிவு ஆதாரங்களுக்குப் பொருந்தவில்லை என்பதே என் வாதம். கை விலகவில்லை, அது உள்ளே வரும் நேரம்தான் மாறியிருக்கிறது. ஓட்டத்தின்போது வேலிக்கு வெளியே நிற்கும் கை, தடங்கலின்போது உள்ளே வருகிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளோ பெரும்பாலும் ஓட்டத்தை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன.

பிழை யாருடையது: பழைய வழக்கு

தொழிற்சாலை விபத்துகளைப் பற்றிய பேச்சில் இன்றும் உலவும் ஒரு கணக்கு 1931இல் பிறந்தது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமொன்றில் பணியாற்றிய எச். டபிள்யூ. ஹைன்ரிச், விபத்துகளில் 88 விழுக்காடு தொழிலாளர்களின் பாதுகாப்பற்ற செயலாலும், 10 விழுக்காடு பாதுகாப்பற்ற சூழலாலும், மீதி 2 தவிர்க்க முடியாத காரணங்களாலும் நேர்கின்றன என்று எழுதினார். அவர் பயன்படுத்திய 75,000 வழக்குகள் காப்பீட்டுக் கோப்புகளிலிருந்தும் ஆலை உரிமையாளர்களின் பதிவுகளிலிருந்தும் வந்தவை. அடிபட்டவரின் வாக்குமூலம் அந்தக் கோப்புகளில் எவ்வளவு இடம் பெற்றிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆனாலும் அந்த 88, பல பயிற்சி வகுப்புகளின் முதல் ஸ்லைடில் இன்றும் ஏறி நிற்கிறது.

இதற்கு முதல் வலுவான மறுப்பு, விமானத் துறையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகள் இறக்கை மடிப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரங்களை மடக்கிவிடுவது திரும்பத் திரும்ப நடந்தது. உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சாப்பானிஸ் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சுகளும் அருகருகே, ஒரே வடிவில் இருந்தன. ஒன்றின் தலையில் சிறு ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். குழப்பம் தீர்ந்தது. விமானிகளுக்குப் புத்திமதி எதுவும் சொல்லப்படவில்லை.

தானியங்கு முறையைப் பற்றிய வாதத்துக்கு அடித்தளமிட்டவர் லிசான் பெயின்பிரிட்ஜ். ‘தானியக்கத்தின் முரண்கள்’ என்ற பொருளில் 1983இல் அவர் எழுதிய சிறு கட்டுரையின் சாரம் இது: மனிதரை நம்ப முடியாது என்று கருதும் வடிவமைப்பாளர், தன்னால் தானியங்கியாக மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றிவிடுகிறார், மாற்ற வழி தெரியாத மிச்சத்தை அதே மனிதரிடம் விட்டுவிடுகிறார். அந்த மிச்சத்தில் இரண்டு வேலைகள் முக்கியமானவை. ஒன்று, சும்மா இருந்து கண்காணிப்பது. அரை மணி நேரத்துக்குமேல் இந்தக் கவனம் தாக்குப்பிடிக்காது என்பதை நார்மன் மேக்வொர்த்தின் சோதனைகள் 1948லேயே காட்டிவிட்டன. மற்றொன்று, எல்லாம் கெட்டுப்போகும்போது மட்டும் உள்ளே புகுந்து சரிசெய்வது. இது அன்றாடப் பழக்கத்தால் கைவரும் வேலை. தானியங்கி வந்தபின் அந்தப் பழக்கத்துக்கே வாய்ப்பில்லை.

உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இந்த விவாதத்தைப் பராமரிப்பின் பக்கம் திருப்பினார். எட்டு நட்டுகள் வரிசையாகக் கோத்த ஒரு போல்ட்டைக் காட்டி அவர் விளக்குவார். கழற்ற ஒரே வழிதான் உண்டு; திரும்பக் கோக்கும்போது 40,320 வரிசைகள் சாத்தியம், அவற்றில் ஒன்றுதான் சரி. பராமரிப்பில் பிழை அதிகம் நேர்வது ஃபிட்டரின் அசட்டையால் என்பதைவிட அந்த வேலையின் இயல்பால் என்று அவர் காட்டினார். ரீசனைப் படித்தவர்கள் தொழிலாளியைக் குற்றம் சொல்வதைக் குறைத்திருக்கிறார்கள். ‘அமைப்பின் கோளாறு’ என்று சொல்லி யாரையுமே பொறுப்பாக்காமல் நழுவும் வழக்கமும் அதே படிப்பிலிருந்துதான் வந்தது. எனவே அமைப்பு என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், அதன் எந்த இடம் என்று பார்ப்பது அவசியம்.

மூன்று மரணங்கள், ஒரே தருணம்

ஸ்ரீபெரும்புதூர் மரணத்தோடு வேறு இரண்டை வைத்துப் பார்க்கலாம். 1981 ஜூலையில், ஜப்பானின் அகாஷியிலுள்ள கவாசாகி ஆலையில், சரியாக இயங்காத ஒரு ரோபோவைப் பார்க்கப் பராமரிப்புப் பணியாளர் ஒருவர் போனார். வேலியின் கதவைத் திறந்தால் மின்சாரம் தானாக அறுந்துவிடும் ஏற்பாடு அங்கே இருந்தது. அவர் கதவைத் திறக்காமல் வேலியைத் தாண்டிக் குதித்தார். ரோபோவின் கை அவரை அடுத்த இயந்திரத்தோடு வைத்து நசுக்கியது.

2016 ஜூனில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், கொரிய கார் நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்யும் அஜின் ஆலையில் லைன் நின்றது. சென்சார் கோளாறு. 20 வயதுப் பெண் ஒருவரும் உடன் வேலை செய்தவர்களும் ரோபோ கூண்டுக்குள் நுழைந்து கோளாறை நீக்க முனைந்தார்கள். ரோபோ திடீரென இயங்கி அவரை நசுக்கியது. அவர் ஆள்சேர்ப்பு ஏஜென்சி மூலம் வந்த தற்காலிகத் தொழிலாளி. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டும் விதியைத் தெரிந்தே மீறியதாக நிறுவனம் 2020இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 5 லட்சம் டாலர் அபராதம், குடும்பத்துக்கு 10 லட்சம் டாலர் இழப்பீடு என்று தீர்ப்பானது.

அகாஷியில் குதித்தவர் விதியை மீறினார் என்பதில் ஐயமில்லை. ஏன் குதித்தார் என்று கேட்காதவரை அந்த விடையால் பயனில்லை. கதவைத் திறந்தால் மின்சாரம் போகும். போனால் லைன் முழுதும் ரீசெட் ஆக வேண்டும். மேலும், ரோபோவின் கோளாறு அது அசையும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். மின்சாரத்தை அறுத்துவிட்டால் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்திவிட்டு எங்கே வலிக்கிறது என்று கேட்பதுபோல ஆகிவிடும்.

அடுத்தது, நிற்பது என்பதன் பொருள். பழைய இயந்திரம் நின்றால் நின்றதுதான். பி.எல்.சி. என்ற நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவியின்கீழ் இருக்கும் ரோபோ நிற்கும்போது பெரும்பாலும் அது ஏதோ ஒரு சிக்னலுக்காகக் காத்திருக்கிறது. பாகம் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று சென்சார் சொன்னால் போதும், அடுத்த அசைவு தொடங்கும். ஆகவே அழுக்கேறிய சென்சாரைத் துணியால் துடைப்பதோ, சற்றே விலகியிருக்கும் பாகத்தைத் தட்டி உட்காரவைப்பதோ, ஸ்டார்ட் பட்டனை அழுத்துவதற்குச் சமம். கூண்டுக்குள் நின்றுகொண்டு தன்மீதே இயந்திரத்தை ஏவிக்கொள்வதாக அது முடிகிறது. ரோபோ தன் நிரலின்படிதான் இயங்கியது. அதில் பிழை எதுவும் இல்லை.

இதற்கு மருந்து ஏற்கனவே இருக்கிறது. 1989இல் அமெரிக்கா கட்டாயமாக்கிய பூட்டும் முறையில், உள்ளே போகும் ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி ஆள் வெளியே வந்து பூட்டை எடுக்கும்வரை மின்சாரம் வராது. அந்த விதியிலேயே, உற்பத்தியோடு ஒட்டி அடிக்கடி நடக்கும் சிறு வேலைகளுக்கு, வேறு பாதுகாப்பு இருக்கும்பட்சத்தில், ஒரு விலக்கு உண்டு. சிக்கல் அங்கேதான். ஒரு லைன் ஷிப்டுக்கு முப்பது முறை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் சரிசெய்ய இருபது விநாடி போதும் என்றால், மொத்தம் பத்து நிமிடம். ஒவ்வொரு முறையும் பூட்டிச் சரிபார்த்துத் திறக்க ஐந்து நிமிடம் என்றால் நூற்றைம்பது நிமிடம், எட்டு மணி ஷிப்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை யாரும் தாளில் போட்டுப் பார்ப்பதில்லை. தொழிலாளியின் உடம்பு அதைப் போட்டு விடையையும் கண்டுவிடுகிறது. ஜெர்மனியின் தொழில் விபத்துக் காப்பீட்டு அமைப்புகள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, உலோக வேலை இயந்திரங்களின் பாதுகாப்புச் சாதனங்களில் சுமார் 37 விழுக்காடு தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பைபாஸ் செய்யப்பட்டிருப்பதாகக் கண்டது. ஒழுங்குக்குப் பெயர்போன நாட்டில் மூன்றில் ஒன்றுக்குமேல் இப்படி என்றால், ஒழுக்கக் குறைவு என்ற விளக்கம் நிற்காது.

முன்கணிப்பு எதைக் குறைக்கிறது?

இரண்டாவது வாக்குறுதிக்கு அதன் நியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். பராமரிப்பே பழுதை உண்டாக்கும் என்பது பழைய கண்டுபிடிப்பு. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையோடு பணியாற்றிய உயிரியலாளர் சி. எச். வாடிங்டன், ஒவ்வொரு 50 மணி நேரப் பரிசோதனைக்கும் உடனே பின்னால் விமானங்களில் எதிர்பாராத பழுதுகள் கூடுவதைக் கவனித்தார். 1978இல் நௌலனும் ஹீப்பும் யுனைடெட் விமான நிறுவனத்தின் பதிவுகளிலிருந்து அளித்த அறிக்கையில், ஏறத்தாழ 11 விழுக்காடு பாகங்களே வயதாக ஆகப் பழுதடையும் போக்கைக் காட்டின. 68 விழுக்காடு, புதிதாகப் பொருத்திய உடனே பழுதடையும் வாய்ப்பு அதிகம் கொண்டவை. நாள் குறித்துக் கழற்றி மாட்டுவதைவிட, அதிர்வையும் வெப்பத்தையும் அளந்து, தேவைப்படும்போது மட்டும் தொடுவது மேல் என்ற வாதம் இங்கிருந்து வந்தது. தொடுவது குறைந்தால் அடிபடுவதும் குறையும். ஐரோப்பியப் பணிப் பாதுகாப்பு முகமை, பணியிட மரணங்களில் 10 முதல் 15 விழுக்காடு பராமரிப்பு வேலையோடு தொடர்புடையவை என்று மதிப்பிட்டிருப்பதால் இது சிறிய ஆதாயமல்ல.

ஆனால் முன்கணிப்பு பார்ப்பது பேரிங் தேய்வதையும் மோட்டார் சூடேறுவதையும். பாகம் கோணலாக உட்காருவது, கன்வேயரில் அட்டை சிக்குவது, சென்சாரில் எண்ணெய் படிவது போன்றவை அதன் கண்ணில் படுவதில்லை. சில நிமிடங்களில் தீரும் தடங்கலை டி.பி.எம். என்ற ஜப்பானிய முழு உற்பத்திப் பராமரிப்பு முறையை வகுத்த செய்ச்சி நகாஜிமா ஆறு பெரிய இழப்புகளில் ஒன்றாகவே எண்ணினார். ஆனால் அது உற்பத்தி இழப்பாக எண்ணப்பட்டது. அதை நீக்குவது ஆபரேட்டரின் வேலையின் பகுதியாகவே ஆகிவிட்டது. பராமரிப்புத் துறையின் பர்மிட்டும் வராது, ஃபிட்டரும் வரமாட்டார். யாருடைய பட்டியலிலும் இல்லாத பராமரிப்பு இது. மேற்சொன்ன மூன்றில் இரண்டு மரணங்களில் இறந்தவர்கள் லைன் தொழிலாளர்கள்.

சென்சாரைப் பராமரிப்பவர் யார்?

கண்காணிக்கும் கருவியும் ஒரு கருவிதான், அதற்கும் பராமரிப்பு வேண்டும். இதை மிகத் தெளிவாகக் காட்டுவது 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் நடந்த வெடிப்பு. 912 எண் தொட்டியில் பெட்ரோல் நிறைந்துகொண்டிருந்தது. மட்டம் காட்டும் கருவி சிக்கிக்கொண்டு ஒரே அளவைக் காட்டியபடி நின்றது. அந்தக் கருவி அதற்கு முந்தைய சில மாதங்களில் மட்டும் 14 முறை அப்படிச் சிக்கியிருந்தது. சில வேளைகளில் கருவியை மேலே தூக்கி மறுபடி இறக்கிச் சமாளித்தார்கள். சிக்கிய ஒவ்வொரு முறையும் பதிவாகவும் இல்லை.

அதற்கும் மேலே, தனியாக ஒரு கடைசிக் காவல் இருந்தது: எண்ணெய் உச்சத்தைத் தொட்டால் வரத்தைத் தானே நிறுத்தும் சுவிட்ச். அதைச் சோதிக்க ஒரு சிறு நெம்புகோல். சோதனை முடிந்ததும் நெம்புகோலை நடுநிலையில் வைத்து ஒரு பூட்டைப் போட வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் நெம்புகோல் கீழே இறங்கி, சுவிட்ச் செயலற்றுவிடும். பொருத்தியவர்களும் பராமரித்தவர்களும் அந்தப் பூட்டு யாரும் கை வைக்காமலிருப்பதற்கான காவல் என்று நினைத்தார்கள். பூட்டுப் போடப்படவில்லை. பெட்ரோல் வழிந்து ஆவியாகப் பரவி வெடித்தது. ஞாயிறு விடியற்காலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. 43 பேர் காயமடைந்தனர். இங்கே பிழை செய்தவரைத் தேடினால் பூட்டுப் போடாத ஒரு டெக்னீஷியன் கிடைப்பார். பூட்டின் பயன் என்ன என்பதைப் பார்த்தாலே புரியும்படி வைக்காத தயாரிப்பாளரும், ஒரே கருவி பதினான்கு முறை சிக்கியும் கேள்வி கேட்காத நிர்வாகமும் அவருக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரின் ஆவி கசிந்து 12 பேர் இறந்தது இதே வகையைச் சேர்ந்தது. தொட்டியின் வெப்பம் அடிப்பகுதியில் மட்டுமே அளக்கப்பட்டது. ஊரடங்கில் அசையாமல் கிடந்த திரவம் மேல்பகுதியில் சூடேறியதை எந்தச் சென்சாரும் பார்க்கவில்லை. கட்டுப்பாட்டு அறையில் தெரிந்த எண் பொய்யல்ல, போதாத எண்.

இன்னொரு எடுத்துக்காட்டையும் சேர்க்கலாம். 2017இல் சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில், அவசரகாலத்தில் ஆலையை நிறுத்தும் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளையே ‘டிரைட்டன்’ என்ற தீநிரல் தாக்கியது. அந்தக் கருவிகளின் முகப்பில் ஒரு சாவித் துவாரம் உண்டு. நிரலை மாற்றும்போது ஒரு நிலை, மற்ற நேரத்தில் வேறு நிலை. சாவி நிரல் மாற்றும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது தாக்குதலுக்கு வழி திறந்தது. பன்ஸ்ஃபீல்டின் பூட்டும் இந்தச் சாவியும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: எவ்வளவு நுட்பமான அமைப்பும் கடைசியில், பராமரிப்பு முடிந்தபின் ஒருவர் ஒரு பொருளைப் பழைய இடத்தில் வைத்தாரா என்பதில் வந்து நிற்கிறது. அந்த ஒருவருக்கு நேரமும் விளக்கமும் கொடுக்கப்பட்டதா என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல, வேலைநிலைமை குறித்த கேள்வி.

சட்டத்தின் கண்ணில் இயந்திரம்

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், பட்டையும் தண்டும் சுழலும் ஆலையைப் பார்த்து எழுதப்பட்டது. 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தை ஓடும்போதே பரிசோதிக்க நேர்ந்தால், தனிப்பயிற்சி பெற்ற, இறுக்கமான உடை அணிந்த, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்ட ஆள் மட்டுமே அதைச் செய்யலாம் என்றது. அக்காலத்துக்கு இது கூர்மையான விதி. பதிவேட்டில் பெயர் என்பது பொறுப்பை நிர்வாகத்தின் தலையில் வைக்கிறது. ஆனால் விதியின் ஆதாரம் ‘ஓடும்’ என்ற நிலை. சிக்னலுக்குக் காத்து நிற்கும் ரோபோ ஓடவில்லை. 24ஆம் பிரிவு, தற்செயலாக இயங்கத் தொடங்கக்கூடிய மின் துண்டிப்புக் கருவியைப் பூட்டிவைக்க ஏற்பாடு வேண்டும் என்றது. பூட்டு நம் சட்டத்தில் புதிதல்ல; அது எத்தனை லைன்களில் தொங்குகிறது என்பதுதான் கேள்வி.

அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, மின்சாரம் பயன்படுத்தும் கூடத்தைத் தொழிற்சாலை என்று கருதும் வரம்பைப் பத்துத் தொழிலாளர்களிலிருந்து இருபதாக உயர்த்தியிருக்கிறது. ஸ்மார்ட் ஆலைகளைப் பற்றிய கட்டுரையில் இதற்கு இடம் உண்டு. ரோபோ லைனுக்கு வந்து சேரும் தகட்டு பாகங்களில் பல, சிறு பிரஸ் ஷாப்புகளில் அடிக்கப்படுபவை. ‘சேஃப்டி இன் இந்தியா’ அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் ‘கிரஷ்டு’ அறிக்கைகள், முக்கியமாக ஹரியானாவின் வாகன உதிரிபாகக் கூடங்களில் பவர் பிரஸ் விரல்களை எடுப்பதைத் தொடர்ந்து பதிவுசெய்கின்றன. மேல்தட்டில் அல்காரிதம், கீழ்த்தட்டில் சென்சார் கழற்றப்பட்ட பிரஸ் என்ற இந்தப் பிரிவினையை மறைத்துவிட்டு ஆலையின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதை நேர்மையாகக் கருத முடியவில்லை.

தீர்வுகளில் பல, வடிவமைப்பாளர்களின் கையில் இருக்கின்றன. சென்சாரை வேலிக்கு வெளியிலிருந்தே துடைக்கும்படி வைக்கலாம். உள்ளே ஆள் இருக்கும்போது ரோபோ மெல்ல மட்டுமே, அதுவும் கையிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டுமே அசையும் ‘டீச்’ நிலையை, முறையாகப் பயிற்சி தந்து லைன் தொழிலாளிக்கும் திறந்துவிடலாம். ஆனால் அவற்றுக்கு முன்னால் செய்யக்கூடிய, செலவே இல்லாத ஒன்று இருக்கிறது. ஸ்மார்ட் தொழிற்சாலை ஒவ்வொரு நிறுத்தத்தையும் விநாடிக் கணக்கில் பதிவுசெய்கிறது. எந்த லைன், எந்த நிலையம், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் உற்பத்தி மேலாளரின் திரையில் உண்டு. அதே பதிவு பாதுகாப்புக் குழுவின் மேசைக்கும் வர வேண்டும். அடிக்கடி நிற்கும் நிலையம்தான் அடுத்த விபத்து நடக்க வாய்ப்புள்ள இடம்.

எனவே, தமிழ்நாட்டின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு கோரிக்கை. விபத்து விசாரணையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதுவதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்கு இயந்திரத்தின் பதிவிலிருந்தே விடை கேளுங்கள்: அப்போது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததா, காத்திருந்ததா, பூட்டப்பட்டிருந்ததா? அந்த ஷிப்டில் அது அதற்குமுன் எத்தனை முறை நின்றது? ஒவ்வொரு முறையும் அதைச் சரிசெய்யப் போனவர் யார், அவருக்கென்று ஒரு பூட்டும் சாவியும் கொடுக்கப்பட்டிருந்தனவா?